தேநீர்க் கலங்களின் அடியில் உள்ள எழுத்து



இலண்டன் மாநகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வெள்ளிக் கலம் ஒன்று உள்ளது. உயர்ந்து மேல்நோக்கிக் கூம்பிய உடலும் நேரான மூக்கும் உடைய அதனைக் காண்பவர் காப்பிக் கலம் என்றே கூறுவர். ஆனால், அது தேநீர்க் கலம் என்றும், பெர்க்லி பிரபு கிழக்கிந்தியக் கம்பெனியின் குழுவினர்க்கு வழங்கியது என்றும் அதன்மீது பொறிக்கப்பட்ட வாசகம் தெரிவிக்கிறது. காலம் 1670. அவ்வாசகம் இல்லையெனில், இங்கிலாந்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய வெள்ளித் தேநீர்க் கலம் வேறொரு பெயரில் அடங்கிப் போயிருக்கும். பழங்கலங்களை இனங்காண்பதில் எழுத்துக்கு உள்ள இடத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

கலங்களுக்கு முன் அவற்றின் பெயர்களைச் சிறிது நோக்குவோம். தென்சீனத்து ஹொக்கியன் மொழியின் 'தே' என்னும் சொல் கடல்வழியே மலாய்க்கும், டச்சு வணிகர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது. தமிழில் அது இலையோடும் நீரோடும் கூடித் தேயிலையாகவும் தேநீராகவும் நிலைபெற்றது. தேயிலை இட்டு வைக்கும் சிறு பெட்டியை ஆங்கிலேயர் 'கேடி' என்பர். நம் ஊர்ச் சந்தைகளில் முதியோர் நன்கறிந்த 'காத்தி' என்னும் மலாய் எடையளவே அச்சொல்லுக்கு மூலம். ஒரு காத்தி ஏறத்தாழ 600 கிராம்.

பழைய கேடிகள் பலவற்றில் பூட்டு உண்டு. பிரிட்டனில் 1784ஆம் ஆண்டுச் சட்டம் தேயிலைத் தீர்வையை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைக்கும்வரை, தேயிலை வீட்டுத் தலைவியின் சாவிக்குள் அடங்கிய அரும்பொருளாக இருந்தது. தொடக்ககாலத் தேநீர்க் கலங்கள் சிறியனவாக இருந்தமைக்கும் அவ்விலையே முதன்மைக் காரணம்.

இனி அடிப்பகுதிக்கு வருவோம். ஆங்கில வெள்ளிக் கலங்களில் சிறு முத்திரைகள் வரிசையாக இருக்கும். நடக்கும் சிங்கம் 92.5 விழுக்காட்டுத் தூய்மையைக் குறிக்கும். சிறுத்தைத் தலை இலண்டனையும் நங்கூரம் பர்மிங்ஹாமையும் குறிக்கும். செய்தவரின் பெயரெழுத்துகளோடு ஓர் ஆண்டெழுத்தும் இருக்கும். அவ்வெழுத்து ஆண்டுதோறும் மாறும். ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவமோ அதனைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமோ மாற்றப்படும். ஆகவே, எந்த எழுத்து என்பதோடு எவ்வடிவ எழுத்து என்பதையும் நோக்க வேண்டும். கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி கொண்டு கணிப்போர்க்கு இது பழகிய முறையே.

பீங்கானில் சொற்களே காலம் காட்டும். பிரிட்டனில் பதிவு செய்யப்பட்ட வடிவங்கள் 1842 முதல் 1883 வரை வைர வடிவக் குறியைப் பெற்றன. 1884 முதல் பதிவு எண்ணைப் பெற்றன. அமெரிக்காவுக்கு அனுப்பும் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்னும் விதி 1891இல் நடப்புக்கு வந்தது. அதன்படி 'நிப்பான்' எனப் பொறித்த ஜப்பானியர், 1921க்குப் பின் 'ஜப்பான்' எனப் பொறிக்கலாயினர்.

எனினும், எழுத்து எப்போதும் தன் காலத்தையே கூறும் எனக் கொள்ளுதல் தவறு. காங்சி மன்னர் காலத்துச் (1662–1722) சீனப் பீங்கான்கள் பலவற்றின் அடியில் செங்ஹுவா மன்னரின் (1465–1487) பெயர் காணப்படுகிறது. பின்வந்த குயவர் காங்சியின் பெயரையும் அவ்வாறே எழுதினர். முன்னோர் கலையைப் போற்றி எழுதியதும் உண்டு. ஏமாற்ற எழுதியதும் உண்டு. 'ஈ.பி.என்.எஸ்.' என்னும் நான்கெழுத்துகளைக் கேடயங்களுக்குள் கண்டு வெள்ளி என மயங்குவோர் பலர். அது நிக்கல் கலந்த உலோகத்தின்மீது மின்முறையால் வெள்ளி பூசியதைக் குறிக்கும். மின்பூச்சு முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1840இல்தான். களிமண், மெருகு, எடை, தேய்வு ஆகியவை எழுத்தோடு ஒத்துச் சொல்லும்போதே முடிவுக்கு வரலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், தம் வீட்டுத் தேநீர்க் கலத்தைக் கொண்டுவந்தார். ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்த அவருடைய பாட்டனாருக்கு, தாயகம் திரும்பிய துரை அளித்த பரிசு அது. "இருநூறு ஆண்டுப் பழைய கலம், ஐயா" என்றார். கவிழ்த்துப் பார்த்தேன். பதிவு எண்ணும் 'மேட் இன் இங்கிலாந்து' என்னும் தொடரும் இருந்தன. எண் இருப்பதால் 1884க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. அத்தொடரோ பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. அதைக் கூறியதும் அவர் முகம் வாடிற்று.

பாட்டனார் எப்போது பணியாற்றினார் என வினவினேன். 1930களில் என்றார். அப்படியாயின் எழுத்து அவர் குடும்பக் கதையைப் பொய்யாக்கவில்லை. பிறர் கூட்டிச் சொன்ன வயதை மட்டுமே நீக்கியது. உட்புறத்துத் தேநீர்க் கறையும் மூடியின் தேய்வும், அது அன்றாடம் பயன்பட்ட கலம் என்பதைக் காட்டின. துரையின் மேசையிலிருந்து கிராணியின் வீட்டுக்கு வந்த பொருள் என்பதற்கு அவை முற்றிலும் பொருந்தின. விலை குறைந்தது, சான்று வலுத்தது.

ஆனால், பாட்டனாரின் பெயரோ தோட்டத்தின் பெயரோ கலத்தில் எங்கும் இல்லை. அவை ஆசிரியையின் நினைவில் மட்டும் இருந்தன. அவர் அன்றே பெயர், தோட்டம், பரிசளித்த சூழல், சொன்னவர் யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கலத்தினுள் வைத்தார்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கலம் இருக்கலாம். அதனை மினுக்கித் தேய்க்காதீர்கள், முத்திரைகள் அழியும். அடியில் உள்ள எழுத்தைப் படியெடுங்கள். பின்னர்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு, கலத்தில் இல்லாத செய்தியை நீங்கள் எழுதி வையுங்கள். 1670ஆம் ஆண்டுக் கலத்தை இன்று நாம் அறிவது, அன்று ஒருவர் எழுதி வைத்ததால்தான்.