கணினி வாத்தியார்

கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்குக் கணினி சொல்லிக் கொடுத்தால் படிப்பு வந்துவிடுமா? பழைய கதை ஒன்று உண்டு.

1996-இல் அமெரிக்காவில் பவுலா டல்லாலும் மைக்கேல் மெர்செனிக்கும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். சில குழந்தைகளுக்கு 'பா', 'டா' போன்ற ஒலிகள் பிடிபடுவதற்குள் ஓடிவிடுகின்றன. கணினி அவற்றை இழுத்து ஒலித்து, விளையாட்டாகப் பழக்கலாம் என்றார்கள். நான்கே வாரத்தில் முன்னேற்றமாம்! 'ஃபாஸ்ட் ஃபார்வேர்ட்' என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்தது.

2011-இல் ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பலன் தெரியவில்லை.

அதற்காகக் கணினியே வேண்டாம் என்றில்லை. நூறு தடவை தப்பாகச் சொன்னாலும் அது முகம் சுளிக்காது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று கண்டுபிடிக்க டீச்சர் வேண்டும்.

இங்கே புனேயில் இதற்கென்று கடன் கேட்டு வரும் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: மென்பொருளுக்கு முன் நல்ல டீச்சரைத் தேடுங்கள். வட்டியாவது மிச்சமாகும்!