கேமராவிலிருந்து படம் இறங்கிய வழி

1975 டிசம்பரில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கோடாக் ஆய்வுக்கூடத்தில், ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் பக்கத்து அறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் படம் பிடித்தார். சாசன் கையில் இருந்தது 3.6 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி. சூப்பர் 8 சினிமா கேமராவின் லென்ஸ், 16 நிக்கல் காட்மியம் பேட்டரிகள், ஒளியை உணரும் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் சிசிடி சிப், பக்கவாட்டில் ஒரு கேசட் ரெக்கார்டர் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கட்டியது. படத்தைப் பிடிக்கக் கண்ணிமைக்கும் நேரம் போதுமாக இருந்தது. அதை நாடாவில் எழுதத்தான் 23 நொடி பிடித்தது. பிறகு கேசட்டைக் கழற்றி, டிவியுடன் இணைத்த இன்னொரு கருவியில் போட்டு ஓடவிட்டார்கள். திரையில் அந்தப் பெண்ணின் தலைமுடி தெரிந்தது. முகம் வெறும் புள்ளிகளாகக் கலங்கிக் கிடந்தது. சில ஒயர்களை இடம் மாற்றிப் பொருத்திய பிறகே முகம் சரியாக வந்தது.

டிஜிட்டல் கேமராவின் வரலாறு பெரும்பாலும் மெகாபிக்சல் கணக்காகவே எழுதப்படுகிறது. சாசனின் கருவியில் 10 ஆயிரம் புள்ளிகள், 1991-ல் 13 லட்சம், இன்று பல கோடி. இந்தக் கணக்கு சரிதான். ஆனால் அன்றே முளைத்த இன்னொரு சிக்கல் இதில் விடுபட்டுப்போகிறது: எடுத்த படம் பெட்டியை விட்டு எப்படி வெளியே வரும்? அதற்கு ஒழுங்கான பாதை பிறக்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. அந்தப் பாதையைப் போட்டது எந்த மேதையின் தனிக் கண்டுபிடிப்பும் இல்லை. போட்டிக் கம்பெனிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்துகொண்ட ஒப்பந்தங்கள்தான்.

ஆரம்பத்தில் ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். 1991-ல் கோடாக் விற்ற டிசிஎஸ் கேமரா, நிக்கான் எஃப்3 உடம்பில் பொருத்தப்பட்டது. பத்திரிகைப் புகைப்படக்காரர் அதோடு 200 எம்பி ஹார்ட் டிஸ்க் அடங்கிய தனிப் பெட்டி ஒன்றையும் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 1994-ல் ஆப்பிள் கொண்டுவந்த குயிக்டேக் 100 சாதாரண மக்களை நினைத்துச் செய்தது. அதையும் ஆப்பிளுக்காகத் தயாரித்தது கோடாக்தான். 640-க்கு 480 அளவில் 8 படம் கொள்ளும். எடுத்ததைப் பார்க்கப் பின்பக்கத்தில் திரை கிடையாது. மெக்கின்டாஷோடு கேபிளில் இணைத்து இறக்கினால்தான் எடுத்தது என்ன என்றே தெரியும். ஒன்பதாவது படம் வேண்டுமா, வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அன்றைய கேமராக் கேபிள் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சாதாரண பிசி என்றால் பின்புறம் 9 ஊசி கொண்ட சீரியல் போர்ட் இருக்கும். கம்ப்யூட்டரை இழுத்துத் திருப்பி, அங்கே ஏற்கெனவே மோடமோ மவுஸோ மாட்டியிருந்தால் கழற்றி, இந்தக் கேபிளைச் செருகி, இரண்டு பக்கமும் திருகாணியை இறுக்க வேண்டும். எந்தப் போர்ட், காம்1-ஆ காம்2-ஆ என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளும் கேமரா கம்பெனி கொடுத்த டிஸ்க்கில் வந்ததாகவே இருக்க வேண்டும். ஒருவர் கேமரா பேசுவது இன்னொருவர் மென்பொருளுக்குப் புரியாது. போர்ட்டின் உச்சவேகம் நொடிக்கு 1,15,200 பிட். அதாவது சுமார் 11 கேபி. கேமராவின் 8 எம்பி மெமரி கார்டு ஒன்றைக் காலி செய்ய, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 12 நிமிடம் ஆகும். அதுவரை கேமராவின் பேட்டரி தாக்குப்பிடிக்க வேண்டும்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்று 1997-ல் சோனி ஒரு முடிவெடுத்தது. அன்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்த ஃப்ளாப்பி டிரைவையே கேமராவுக்குள் வைத்துவிட்டது. டிஜிட்டல் மாவிகா எஃப்டி5, எஃப்டி7 என்ற அந்தக் கேமராக்கள் செங்கல் போலப் பருத்தவை. படத்தின் தரமும் சுமார்தான், 1.44 எம்பி டிஸ்க்கில் அதற்கு மேல் என்ன அடக்க முடியும்? ஆனாலும் அவை நன்றாக விற்றன. டிஸ்க்கை உருவி மேஜைக் கம்ப்யூட்டரில் போட்டால் படம் ஜேபெக் கோப்பாகத் தயாராக நிற்கும். கேபிள் இல்லை, மென்பொருள் இல்லை. ஆசிரியர்களும் வீட்டுத் தரகர்களும் அமெரிக்காவில் அதை விரும்பி வாங்கினார்கள். மக்களுக்குத் தேவைப்பட்டது எது என்பதை அந்தக் கனத்த கேமரா அன்றைய ஒல்லியான கேமராக்களைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது.

இதே யோசனையில் பிறந்தது ஃப்ளாஷ்பாத். ஃப்ளாப்பி வடிவிலேயே ஒரு கருவி. அதன் விளிம்பில் கேமராவின் ஸ்மார்ட்மீடியா மெமரி கார்டைச் செருகி, டிரைவுக்குள் தள்ள வேண்டும். உள்ளே பட்டன் பேட்டரி. டிரைவின் தலை அதைச் சுழலும் டிஸ்க் என்று நம்பிப் படிக்கும். மூளையைக் கசக்கிச் செய்த வேலை என்று மனதாரப் பாராட்டலாம்.

நிலைமை மாறியது 1996 முதல் 2000 வரையிலான ஆண்டுகளில். 1996 ஜனவரியில் யுஎஸ்பியின் முதல் பதிப்பு வெளியானது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உள்ளிட்ட கம்பெனிகள் சேர்ந்து வகுத்தது அது. இன்டெல் தரப்பில் முன்னின்றவர்களில் ஒருவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட். 1998-ல் வந்த ஐமேக் ஃப்ளாப்பி டிரைவைத் தூக்கிவிட்டு யுஎஸ்பியை நம்பியது. நொடிக்கு 1,15,200 பிட்டாக இருந்த வேகம் 1.2 கோடி பிட்டானது. 2000 ஏப்ரலில் யுஎஸ்பி 2.0 அதை 48 கோடியாக்கியது. அதே ஆண்டில் பிடிபி என்ற பொதுமொழியும் தயாரானது. கம்ப்யூட்டர் ‘உன்னிடம் என்னென்ன படம் இருக்கிறது?’ என்று கேட்டால் எந்தக் கம்பெனிக் கேமராவும் ஒரே மாதிரி பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அந்த மொழியைப் பேசியது. கேமராவைச் செருகியதும் படங்களை இறக்கட்டுமா என்று அதுவே கேட்டது.

வேகம் எல்லோர் கண்ணிலும் படும். இன்னொரு ஒப்பந்தம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைத்தான் அதிகம் பேச வேண்டும். 1998-ல் ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கமான ஜெய்டா, டிசிஎஃப் என்ற விதியை வெளியிட்டது. கார்டின் மேல்மட்டத்தில் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் 100 முதல் 999 வரை ஏதாவது ஒரு எண்ணில் தொடங்கும் ஃபோல்டர்கள். எண்ணுக்குப் பின்னால் கம்பெனி விரும்பும் ஐந்து எழுத்து. 100கேனான், 100நிக்கான் என்று வந்தது அப்படித்தான். கோப்பின் பெயரில் முதல் நான்கு இடம் கம்பெனிக்கு, அடுத்த நான்கு 0001 முதல் 9999 வரை எண்ணுக்கு. டாஸ் காலத்தின் எட்டெழுத்துப் பெயர் முறைக்குள் அடங்குவதற்காக இந்த அளவு.

பத்தாயிரமாவது படத்தில் எண் மறுபடி 0001-க்குத் திரும்பும். பழைய படங்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் புதியதை இறக்கப்போனால் ‘இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்று தட்டியவர்களின் பழைய கல்யாணப் படங்கள் போயே போய்விடும். விதியின் குறை இது, மறைப்பதற்கில்லை. ஆனாலும் இந்த விதியால்தான் ஒரு கேனான் கார்டை ஒலிம்பஸ்காரர் திறக்க முடிந்தது. 2000-களில் நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும், வந்தவர் எந்தக் கேமராவின் கார்டை நீட்டினாலும், கடைப்பையன் கார்டு ரீடரில் செருகி, டிசிஐஎம்மைத் திறந்து, சிடி போட்டுக் கொடுத்தான். என்ன கம்பெனி என்று அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு ஆண்ட்ராய்டு போனும் ஐபோனும் படங்களை வைத்திருப்பது அதே பெயருள்ள ஃபோல்டரில்தான்.

ஒரே கம்பெனியை நம்பியிருந்த வழிகளுக்கு இந்த ஆயுள் கிடைக்கவில்லை. எஸ்டி கார்டுக்குள்ளேயே வைஃபையை வைத்து, படத்தைத் தானாகவே கம்ப்யூட்டருக்கு அனுப்பிய ஐ-ஃபை கார்டு, 2007-ல் வந்தபோது ஆச்சரியமாகப் பார்க்கப்பட்டது. அந்தக் கார்டு கம்பெனியின் சர்வரைச் சார்ந்திருந்தது. 2016-ல் பழைய கார்டுகளுக்கான சேவையைக் கம்பெனி நிறுத்தியது. நன்றாக இருந்த கார்டுகளும் வைஃபை வேலைக்கு உதவாமல் போயின.

அதே 2016-ல் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோவிலிருந்து எஸ்டி கார்டு துளையை எடுத்துவிட்டது. புகைப்படக்காரர்கள் ஐந்து வருடம் குறைப்பட்டுக்கொண்டே தனி அடாப்டரைச் சுமந்தார்கள். 2021 அக்டோபரில் வந்த 14, 16 அங்குல மாடல்களில் ஆப்பிள் அந்தத் துளையைத் திரும்ப வைத்தது.