பிராயச்சித்தமும் கிருபையும்: 1890-களின் புணேயும் பண்டித ரமாபாயும்

1890 அக்டோபரில் புணேயின் பஞ்ச ஹௌத் மிஷனில் நடந்த ஒரு கூட்டத்தின் முடிவில் வந்திருந்தோருக்குத் தேநீர் வழங்கப்பட்டது. வந்தவர்களுள் மகாதேவ கோவிந்த ரானடே, பாலகங்காதர திலகர், கோபாலகிருஷ்ண கோகலே ஆகியோரும் இருந்தனர். அவர்களின் பெயர்ப்பட்டியல் செய்தித்தாளில் வெளியானதும் வைதிகர்கள் சங்கராச்சாரியாரிடம் முறையிட்டனர். விசாரணைக் குழு அமைந்தது. கிறிஸ்தவர் கையால் தேநீர் அருந்திய குற்றத்திற்குப் பிராயச்சித்தம் கோரப்பட்டது. உயர்நீதிமன்ற நீதிபதியாக உயரவிருந்த ரானடேயும் 1892-இல் அதற்கு உடன்பட்டார்.

இதே காலத்தில், 1890-இன் இறுதியில், பண்டித ரமாபாய் தம் சாரதா சதனத்தைப் பம்பாயிலிருந்து புணேக்கு மாற்றினார். 1883-லேயே ஞானஸ்நானம் பெற்றிருந்த அவர், தமக்கு உண்மையான இரட்சிப்பின் நிச்சயம் கிட்டியது 1891-இல்தான் என்று பின்னாளில் தம் சாட்சியத்தில் எழுதினார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளை வரலாற்றாசிரியர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். சீர்திருத்த வரலாறு எழுதுவோர் அதனைத் தனிப்பட்ட பக்தி என ஒதுக்குகின்றனர். மிஷன் வரலாறு எழுதுவோர் மனமாற்றத்தின் இயல்பான நிறைவு எனக் கொள்கின்றனர். ஆனால் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அன்று, விசுவாசத்தினால் கிருபையாக' என்னும் பவுலின் கோட்பாடு இந்திய மண்ணில் எந்தக் கேள்விக்கு விடையாயிற்று என்பதை அறிய அந்த எட்டு ஆண்டுகளே முதன்மைச் சான்று.

கேள்வி ரமாபாயின் இளமையிலேயே பிறந்தது. தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவிக்கும் மகளுக்கும் சமஸ்கிருதம் கற்பித்த வைதிகர். குடும்பம் புராணம் வாசித்துக்கொண்டு தீர்த்த யாத்திரையில் வாழ்ந்தது. 1870-களின் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில், சாஸ்திரம் விதித்த தானம், விரதம், தீர்த்த ஸ்நானம் அனைத்தையும் குறைவறச் செய்த அக்குடும்பத்தில் தந்தை, தாய், தமக்கை மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர்.

அங்கே பண்டிதர் அவை அவருக்குப் 'பண்டிதா', 'சரஸ்வதி' பட்டங்களை வழங்கியது. பெண்களுக்கு அவர்தம் கடமைகளை எடுத்துரைக்கும்படி வேண்டப்பட்டபோது அவர் தர்மசாஸ்திரங்களை ஊன்றிப் பயின்றார். நூல்கள் எல்லாவற்றிலும் முரண்பட்டாலும், பெண்கள் இழிந்தவர்கள், ஆடவரைப்போல் மோட்சம் அடைய இயலாதவர்கள் என்பதில் ஒன்றுபட்டிருந்தன என்பது அவர் கண்ட முடிவு. வைதிக மரபில் 'அதிகாரம்' என்ற சொல்லுக்கு ஒரு கருமத்தைச் செய்யும் தகுதி என்பது பொருள். வேதம் ஓதப் பெண்ணுக்கும் சூத்திரருக்கும் அந்த அதிகாரம் இல்லை. சட்டத்தைக் கைக்கொள்ள முடியாத மனிதனின் பலவீனமே பவுலின் சிக்கல். லூதரின் சிக்கலும் அதுவே. ரமாபாய்க்கோ சிக்கல் அதற்கும் முந்தையது: சட்டத்தைக் கைக்கொள்ளும் தகுதியே மறுக்கப்பட்டவளுக்கு மீட்பு எவ்வழி வரும்?

இங்கிலாந்தின் வான்டேஜ் மடத்தில் தங்கியிருந்த நாள்களில், லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் கன்னியர் நடத்திய இல்லத்தை அவர் கண்டார். சமூகம் 'வீழ்ந்தவர்' என்று தள்ளிய பெண்கள் அங்கே பரிவோடு பேணப்பட்டனர். கணவனை மீறிய பெண்ணை நாய்களுக்கு இரையாக்கும்படி அரசனுக்கு விதிக்கும் மனுவின் சுலோகத்தை அறிந்தவர் அவர். இப்பரிவின் காரணத்தை வினவியபோது, யோவான் நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்திலுள்ள சமாரியப் பெண்ணின் வரலாறு அவருக்கு விடையாக அமைந்தது.

ஆயினும் திருச்சபையும் தன் விதிகளோடுதான் அவரை எதிர்கொண்டது. சகோதரி ஜெரால்டினுக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இதற்குச் சான்று. திரித்துவத்தையும் அத்தனாசியு விசுவாச அறிக்கையையும் ஆராயாமல் ஏற்க ரமாபாய் மறுத்தார். இறைச்சியும் முட்டையும் உண்ணாதிருந்தது சாதிப் பெருமிதத்தின் எச்சமோ என ஐயுறப்பட்டது. ஆண்களுக்கு அவர் பாடம் நடத்துவதை இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்க ஆயர்கள் தடுத்தனர். புரோகிதரின் நுகத்தைக் கழற்றியவர் ஆயரின் நுகத்தை அணிய இசையவில்லை. புணேயில் தேநீர் அருந்தியது குற்றமாயிற்று. வான்டேஜில் முட்டையை மறுத்தது ஐயத்திற்கு இடமாயிற்று. மனிதரின் நிலையை உணவைக் கொண்டு அளக்கும் வழக்கம் இரு இடங்களிலும் இருந்தது.

1891-இல் வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலிக்கப் போதகரின் தன்வரலாற்றை அவர் வாசித்தார். குருப்பட்டம் பெற்று ஊழியம் செய்துகொண்டிருந்த காலத்திலேயே மனமாற்றம் அடைந்தவர் ஹாஸ்லம். தாம் ஒரு மதத்தைத் தழுவினோமே தவிர மீட்பரைக் கண்டடையவில்லை என்பதை ரமாபாய் அப்போது உணர்ந்தார். கிரியையோ, சபை உறுப்புரிமையோ, கல்வியோ ஈட்டித்தர முடியாத கொடையாகவே இரட்சிப்பை அதன்பின் புரிந்துகொண்டார்.

அதற்கு விலையும் கொடுத்தார். அவருடைய வெளிப்படையான ஜெபத்தில் சதனத்து இளம்விதவைகள் கலந்துகொள்ளத் தொடங்கினர். மதச்சார்பின்றி நடத்தப்படும் என்ற உறுதியின்பேரிலேயே பெண்களை அனுப்பியிருந்த குடும்பங்கள் கொதித்தன. திலகரின் கேசரி கடுமையாகத் தாக்கியது. 1893-இல் ரானடேயும் ஆர்.ஜி. பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பல பெண்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களின் குறையை வெறும் வைதிகப் பிடிவாதம் எனத் தள்ளுவது நேர்மையாகாது. அளித்த உறுதி மீறப்பட்டது என்ற வாதத்திற்கு வலு உண்டு. அதேவேளை, தேநீருக்கே பிராயச்சித்தம் கேட்ட நகரில் சீர்திருத்தத் தலைவர்கள் எவ்வளவு தூரம் உடன்வர முடியும் என்பதையும் அந்த விலகல் காட்டிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்து சமயம் சட்டம், கிறிஸ்தவம் அருள் என்று இருமை வகுப்பது மிஷனரி விவாதத்தின் பழக்கம். வரலாறு அதை ஏற்காது. பிம்ப்ரிக்கு அண்மையிலுள்ள தேஹுவில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராம், பிறப்பின் தகுதியைக் கடந்த விட்டலனின் அருளைப் பாடியவர். கவிஞர் நாராயண வாமன திலகர் 1895-இல் ஞானஸ்நானம் பெற்றபின்னும், தம்மைக் கிறிஸ்துவிடம் இட்டுவந்தவர் துக்காராமே என்று கருதினார். தமிழ் வைணவத்திலோ, தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியும் தாயால் கவ்வப்படும் பூனைக்குட்டியும் வடகலை, தென்கலை வேறுபாட்டிற்கே உவமைகளாயின. வைணவராகப் பிறந்து 1858-இல் கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, இரட்சணிய யாத்திரிகத்தை அம்மரபின் சொல்வளத்தோடு பாடினார். அருள் என்ற கருத்து இவ்விருவருக்கும் தம் மரபிலேயே கிட்டியிருந்தது. சாஸ்திரத்தின் வழியே சமயத்தைக் கற்ற ரமாபாய்க்கு அது சாஸ்திரத்தின் மறுதலையாகவே வந்து சேர்ந்தது. மதமாற்றத்தை ஆராய்வோர், எம்மதத்திலிருந்து என்பதோடு அம்மதத்தின் எந்த மரபிலிருந்து என்றும் கேட்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

புணேக்குக் கிழக்கே சோலாப்பூர் இரயில்பாதையிலுள்ள கேட்காவில் ரமாபாய் முக்தி மிஷனை நிறுவினார். 1896-க்குப் பின் வந்த பஞ்சங்களில் நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே அடைக்கலம் பெற்றனர். சமூகம் கைவிட்ட பெண்களுக்காக அவ்வளாகத்திலேயே தனியில்லம் ஒன்றை ஏற்படுத்தினார். ஃபுல்ஹாமில் அவர் கண்ட இல்லத்தின் மராட்டிய வடிவம் அது. அதற்கு அவர் இட்ட பெயர் கிருபா சதன்.