லிண்ட்பெர்க் வழக்கின் ஏணிச் சான்று

மரம், உலோகம், கண்ணாடி, ரப்பர் முதலியவற்றின் கட்டமைப்பை ஆராய்பவர் நீதிமன்றத்தில் தரும் கருத்துரை, பொருளறிவியல் வல்லுநர் சாட்சியம் எனப்படும். 1935-ல் அமெரிக்காவின் ஃபிளெமிங்டன் நகரில் ஆர்தர் கோலர் அளித்த சாட்சியத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது.

1932 மார்ச் 1 இரவு, விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் 20 மாதக் குழந்தை நியூஜெர்சி வீட்டிலிருந்து கடத்தப்பட்டது. பின்னர் பிணமாகக் கிடைத்தது. வீட்டுக்கு வெளியே, கையால் செய்த மூன்று துண்டு ஏணி ஒன்று கிடந்தது. மேடிசன் நகர அரசு வனப்பொருள் ஆய்வகத்தைச் சேர்ந்த கோலர் அதைக் கழற்றி ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். சில ஏணிக்கால்களில், ஆலை இழைப்பு இயந்திரத்தின் பழுதுபட்ட கத்தி விட்ட தழும்பு ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தது. அதைக் கொண்டு இயந்திரத்தின் தன்மையைக் கணித்து, சுமார் 1,600 ஆலைகளில் விசாரித்தார். தென் கரோலினாவின் மெக்கார்மிக் ஆலை அகப்பட்டது. மரம் போன வழியே தேடி, 1933 நவம்பரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மரவாடி ஒன்றை எட்டினார். ரொக்க விற்பனைக்கு அங்கே கணக்கில்லை; தடம் அறுந்தது. 1934 செப்டம்பரில், குழந்தையை மீட்கக் கொடுத்த பணத்தின் நோட்டு ஒன்றால் பிடிபட்ட தச்சர் புரூனோ ஹாப்ட்மன் அதே மரவாடியில் முன்பு வேலை செய்தவர்.

ஹாப்ட்மன் வீட்டுப் பரண் தளத்தில் ஒரு பலகை பாதியில் அறுக்கப்பட்டிருந்தது. ஏணியின் 16-ஆம் எண் மரத்திலிருந்த நான்கு சதுர ஆணித்துளைகள், அங்கே உத்தரங்களிலிருந்த துளைகள்மேல் சரியாகப் பொருந்தின. ஆண்டு வளையங்களும் இசைந்தன.

ஃபிளெமிங்டன் விசாரணையில், மரத்துக்கென வல்லுநர் என்றொருவர் இல்லவே இல்லை என எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிபதி டிரெஞ்சர்ட் ஏற்கவில்லை. நீதிபதியின் மேசையிலேயே கவ்வியைப் பொருத்தி, ஹாப்ட்மனின் இழைப்புளியால் கோலர் ஒரு கட்டையை இழைத்தார். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது, கத்தியின் சிறு பழுதுகள் விட்ட கோடுகள் எழுந்தன; ஏணி மரத்திலும் அதே கோடுகள். ஜூரிகள் தம் கண்ணாலேயே ஒப்பிட முடிந்ததுதான் இச்சாட்சியத்தின் பலம்.

1936 ஏப்ரல் 3-ல் ஹாப்ட்மனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. காவலர்கள் பலமுறை சோதித்த வீட்டில் அந்தப் பலகை தாமதமாகக் கண்டெடுக்கப்பட்டதை விமர்சகர்கள் சுட்டுகின்றனர். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அது பலகையைக் கண்டெடுத்த முறை பற்றியதே, ஆலைத் தழும்பைத் தொடர்ந்த கணக்கைத் தொடுவதில்லை. ஹாப்ட்மன் கைதாகும் முன்பே கோலர் பிராங்க்ஸை எட்டியிருந்தார். ஏணி இன்று நியூஜெர்சி மாநிலக் காவல்துறை அருங்காட்சியகத்தில் உள்ளது.