ஊவா மலையும் கைத்துப்பாக்கியும்

பதுளை நகரிலுள்ள சென் மாற்கு ஆலயம், மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்ததாகும். பதுளையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்த அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845-ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார்.

அக்காலத்துத் துப்பாக்கி, குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் வகையைச் சேர்ந்தது. ஒரு குழலுக்கு ஒரு வெடி மட்டுமே உண்டு. மழையும் மூடுபனியும் மிகுந்த மலையில் மருந்து நனைந்துவிட்டால் அந்த ஒரு வெடியையும் நம்புவதற்கில்லை. ஆகவே, கடமையின் பொருட்டு ஆயுதம் தாங்குவோர் வேண்டியது அழகிய துப்பாக்கியன்று. தவறாது வெடிக்கும் துப்பாக்கியே.

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தமது சுழல் துப்பாக்கிக்கு அந்நாட்டில் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த உலோக உறைத் தோட்டா, ஈரத்தினால் விளைந்த இடரைப் பெரிதும் நீக்கியது. பர்மிங்ஹாம் நகரின் வெப்ளி நிறுவனம் செய்த சுழல் துப்பாக்கியை 1887-இல் பிரித்தானியப் படை ஏற்றது. அதில் ஆறு தோட்டாக்கள் கொள்ளும். குழலை முன்புறமாக மடித்தால் வெற்றுறைகள் யாவும் ஒருங்கே வெளியே விழும்.

தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. எனினும் பல நாடுகளின் காவற்படைகள் நெடுங்காலம் சுழல் துப்பாக்கியையே விரும்பின. காரணம் எளிது. பிஸ்டலில் ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால், மறு கையால் அதை வெளியேற்றியாக வேண்டும். சுழல் துப்பாக்கியிலோ விசையை மீண்டும் இழுத்தாற் போதும். அடுத்த தோட்டா தானே வந்து நிற்கும். மறு கையில் குதிரையின் கடிவாளம் பிடித்தவனுக்கு இது பெருந்துணை.

ஆயுதம் கைக்கும் பொருந்த வேண்டும். கனத்த குண்டின் உதைப்பைக் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களால் அடக்கவியலாது என்பதை முதல் உலகப் போர் காட்டியது. அதனாலேயே பிரித்தானியப் படை 1932-இல் சிறிய குண்டுடைய என்பீல்டு சுழல் துப்பாக்கிக்கு மாறியது. எண்ணெயிட்டுத் துடைத்தல், பழைய தோட்டாவை மாற்றுதல், மூடியுள்ள தோலுறையில் வைத்தல் ஆகியன நாள்தோறும் பேண வேண்டியவை. கைப்பிடியின் அடியில் ஒரு வளையமும் இருந்தது. அதிற் கோத்த கயிற்றை உடலோடு பிணைத்துக்கொண்டால் பிறர் ஆயுதத்தைப் பறிப்பது அரிது.

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்போர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டுமென 1916-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. தோட்டத் தொழிலாளர் கையில் இருந்தவையோ கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியுமே.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் பரவியது. மே 12-ஆம் நாள் கலாநிதி என். எம். பெரேரா பதுளையில் பெருங்கூட்டத்தில் உரையாற்றினார். வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தேர்ந்தனர். அதனைக் கலந்து நடக்கத் தோட்டத்துரையும் இசைந்தார். அமைதியை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்துவிட்டனர்.

பின்னர் அடக்குமுறையாலும், ஊவாவைத் துண்டித்த வெள்ளத்தாலும் கிளர்ச்சி தணிந்தது. ஜூன் 18-இல் பெரேரா கைதானார். ஆயினும் துரைமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் அதே ஆண்டில் ஏழம்ச உடன்படிக்கையில் ஒப்பமிட நேர்ந்தது. பிணக்குகளைப் பேசித் தீர்க்க அது வழி வகுத்தது.

பழுதற்ற துப்பாக்கியைத் தேர்ந்து பேணுதல் ஒருவனைத் திடீர் ஆபத்திலிருந்து காக்கலாம். ஒரு தோட்டத்து மக்கள் அனைவரும் திரண்டு கேட்கும் கேள்விக்கு அதனிடம் விடை இருக்கவில்லை. அந்த விடை மேசையில் எழுதப்பட்ட தாளிலிருந்தே வந்தது.