புவியகத்திற்குப் பெயரிடல்: ஐதராபாத் பட்டறிவும் தமிழ் நிலவியற் சொற்களும்

முன்னுரை

ஒரு துறையைக் கற்கப் புகும் மாணவர் முதலில் எதிர்கொள்வது அத்துறையின் பெயரையே. நிலவியலைப் பொறுத்தவரை, அப்பெயரே ஒரு கொள்கையைச் சுமந்து நிற்கிறது. உருது, ஆங்கிலம், தெலுங்கு ஆகிய மூன்றும் உயர்கல்வி மொழிகளாகப் பயின்ற ஐதராபாத்தின் வரலாற்றை முன்வைத்து, தமிழ்ச் சொற்களை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழிபெயர்ப்பகமும் துறைப்பெயர்களும்

1918இல் நிறுவப்பெற்ற உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அதற்கு வேண்டிய பாடநூல்களை ஆக்கும் பொருட்டு, 1917இலேயே தாருத் தர்ஜுமா என்னும் மொழிபெயர்ப்பகம் தொடங்கப்பெற்றது. கலைச்சொற்களை அரபியிலிருந்து ஆக்குவதா, உருதுவின் இயல்பிலிருந்து ஆக்குவதா என்ற விவாதம் அங்கு எழுந்தது. சொல்லாக்க நெறிகளை ஆராயும் வஹீதுத்தீன் சலீமின் நூல் 1921இல் வெளிவந்தது. தமிழகத்தில் வடசொல், தனித்தமிழ்ச்சொல் பற்றி நிகழ்ந்த விவாதத்தோடு இஃது ஒப்பிடத்தக்கது. 1948க்குப் பின்னர் உருதுவின் இடத்தை ஆங்கிலம் பெற்றது. 1968இல் தெலுங்கு அகாதமி தோன்றியபின் கல்லூரி நூல்கள் தெலுங்கிலும் வெளிவந்தன.

நிலவியலுக்கு உருதுவில் வழங்கிய பழம்பெயர் ‘தபகாத்துல் அர்ள்’ என்பதாகும். ‘நில அடுக்குகள்’ என்பது இதன் பொருள். பின்னர் வேரூன்றிய ‘அர்ளியாத்’ என்னும் சொல்லின் ஈறு, தமிழின் ‘இயல்’ ஈற்றைப் போலத் துறைப்பெயர்களை ஆக்குவது. தெலுங்கில் வழங்கும் ‘பூகர்ப்ப சாஸ்திரம்’ புவியின் உள்ளகத்தை முதன்மைப்படுத்துகிறது. ஈழத்துத் தமிழின் ‘புவிச்சரிதவியல்’ காலத்தை முதன்மைப்படுத்துகிறது. அடுக்கு, அகம், வரலாறு என்னும் மூன்றும் ஒரே அறிவியலின் மூன்று முகங்கள். தமிழகத்து ‘நிலவியல்’ இவற்றுள் எதனையும் சுட்டாமல் பொதுமையில் நிற்கிறது.

உள்ளகம் பற்றிய அறிவு

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851இல் தோன்றியது. அதன் அலுவலரான ஆர். டி. ஓல்டாம், 1897 சூன் 12இல் நிகழ்ந்த அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்து அலை வகைகளைப் பிரித்தறிந்தார். 1906இல் புவிக்கரு உண்டென்பதற்குச் சான்று காட்டினார். 1936இல் இங்கே லேமான் உட்கரு உண்டென்பதை நிறுவினார். தென்னிந்தியாவில் இவ்வகை ஆய்வை வளர்த்தது, 1961இல் ஐதராபாத்தில் தொடங்கப்பெற்ற தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமாகும். 1970களில் அந்நிறுவனம் சோவியத்து அறிஞர்களின் துணையுடன், காவலி முதல் உடுப்பி வரை தீபகற்பத்தின் குறுக்கே செயற்கை அதிர்வலைகளைக் கொண்டு புவி மேலோட்டின் ஆழத்தை அளந்தது.

இவ்வறிவைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘மேலோடு, கவசம், கரு’ என்னும் சொற்களால் தருகின்றன. ‘ஓடு’ மெல்லிய புறப்பகுதியைச் செவ்வனே உணர்த்துகிறது. ‘கரு’ நடுவில் அமைந்ததை உணர்த்துவதோடு, தெலுங்கின் ‘கர்ப்ப’ உருவகத்தையும் நினைவூட்டுகிறது. சிக்கல் ‘கவசம்’ என்பதில் உள்ளது. ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழம் வரை பரவிய அப்பகுதி திடப்பொருளே எனினும், நெடுங்காலப் போக்கில் மிக மெதுவாகப் பாய்கிறது. புவித்தட்டுகளின் நகர்வு இப்பாய்வோடு பிணைந்தது. ‘கவசம்’ அசையாத வன்மையை நினைவூட்டுவதால், அதன் இயக்கம் மாணவர் உள்ளத்தில் எளிதில் பதிவதில்லை. ஆங்கிலச் சொல்லின் பொருளோ மேலாடை, ஆடை அசைவது. ‘போர்வை’ என்றிருப்பின் அப்பொருள் ஓரளவு எஞ்சியிருக்கும்.

முடிவுரை

நிலைபெற்ற சொல்லை மாற்றுவது எளிதன்று, அது தேவையுமன்று. ‘கவசம்’ முதன்முதல் வருமிடத்திலேயே அதன் பாயும் இயல்பை ஒரு தொடரில் விளக்குவது மொழிபெயர்ப்பாளர் கடமை. ஆனால் மாற்ற வேண்டிய ஒன்று உண்டு. தமிழகப் பள்ளி நூல்களில் நாடு, காலநிலை, மக்கள்தொகை ஆகியவற்றைக் கூறும் பாடம் ‘புவியியல்’. அரசின் ‘புவியியல் மற்றும் சுரங்கத்துறை’ என்னும் பெயரிலோ அதே சொல் பாறை பற்றிய அறிவியலைக் குறிக்கிறது. இரு துறைகளுக்கு ஒரே பெயர் வழங்கின் அட்டவணை, அகராதி, பாடத்திட்டம் ஆகிய மூன்றிலும் குழப்பம் நேரும். முன்னதற்குப் ‘புவியியல்’ என்றும், பின்னதற்கு ‘நிலவியல்’ என்றும் வரையறுத்து வழங்குதல் நலம். உருவகங்கள் மொழிக்கு மொழி வேறுபடலாம். ஆனால் ஒரு மொழிக்குள் ஒரு சொல் இரு துறைகளுக்கு உரியதாதல் கூடாது.