கொழும்பு முதல் மாத்தறை வரை: இலங்கையின் கரையோரப் புகையிரதப் பாதை

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசெம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியபோதும், 1867இல் அப்பாதை கண்டியை எட்டியபோதும், அம்முயற்சியின் பின்னே நின்ற வற்புறுத்தல் மலையகக் கோப்பித் தோட்டத் துரைமாருடையது. மாட்டு வண்டிகளில் மெல்ல இறங்கிவந்த கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்தில் விரைந்து சேர்ப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. கொழும்பிலிருந்து தெற்கே கடலை ஒட்டிச் சென்று பாணந்துறை, களுத்துறை, காலி, மாத்தறை ஆகிய ஊர்களை இணைத்த கரையோரப் பாதைக்கு அத்தகைய பெருந்தோட்டப் பயிர் எதுவும் பின்னணியில் இல்லை. ஏற்கெனவே நெருக்கமாக மக்கள் வாழ்ந்த ஊர்களுக்காக இடப்பட்ட பாதை அது. மலைப்பாதையின் சுரங்கங்களையும் வளைவுகளையும் வியந்து பக்கம் பக்கமாக எழுதியோர் இக்கரையோரப் பாதையைச் சில வரிகளில் கடந்து போயிருப்பது இலங்கைப் புகையிரத வரலாற்றில் ஒரு பெருங்குறையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இலங்கையின் வெளிநாட்டு வாயில் காலித் துறைமுகமே. ஐரோப்பாவிலிருந்து வந்த அஞ்சற் கப்பல்கள் அங்கேதான் நங்கூரமிட்டன. பயணிகளும் கடிதங்களும் அங்கிருந்து குதிரை வண்டியில் கொழும்புக்குச் சென்றனர். தந்திக் கம்பி வரும்வரை, ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை காலியில் இறங்கிய உலகச் செய்திகளைப் புறாக்களின் வழியே கொழும்புக்குப் பெற்றுவந்தது. இந்நிலையை மாற்றியது கொழும்பின் அலைதாங்கி, அதாவது திறந்த கடலின் அலைகளைத் தடுத்துக் கப்பல்களுக்கு அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கும் நீண்ட கல்லணை. பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875 டிசெம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1880களில் அது உருப்பெறவே அஞ்சற் கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்புக்கு மாறின. ஆகவே 1894இல் புகையிரதம் காலியை அடைந்தபோது அது சென்று சேர்ந்தது, தன் கப்பல்களை இழந்துவிட்ட ஒரு துறைமுகத்தை. இருபது ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் காலியின் கதை வேறாக இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தைத் தவிர்ப்பது கடினம்.

அந்தத் தாமதம் பாதை அமைந்த முறையிலேயே தெரிகிறது. 1870களின் இறுதிக்குள் பாணந்துறையையும் களுத்துறையையும் எட்டிய தண்டவாளம், அதன்பின் பத்தாண்டுக்கு மேல் அங்கேயே நின்றது. கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்து அரசாங்கத்தின் வருமானம் சுருங்கிய காலமும் அதுவே. 1890 அளவில் அளுத்கமையையும், 1894இல் காலியையும், அடுத்த ஆண்டில் மாத்தறையையும் பாதை சென்றடைந்தது. இந்தியாவின் பெரும்பாதைகளைப் போலவே இதுவும் அகலப் பாதை. அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீற்றர் அகலம் கொண்டது. மலையைக் குடையவேண்டிய தேவை இங்கே இல்லை. பொறியியலாளர்களைச் சோதித்தவை ஆறுகளே. களு கங்கை, பெந்தோட்டை ஆறு, கிங் கங்கை ஆகியவை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலேயே, மணல் நகரும் அகன்ற முகத்துவாரங்களின் மேல், இரும்புப் பாலங்கள் அமைக்கவேண்டியிருந்தது. காலி நிலையத்தில் பாதை முட்டி முடிவதால், மாத்தறை செல்லும் வண்டிகள் இன்றும் அங்கே திசை மாறி, பின்பக்கம் முன்பக்கமாகப் புறப்படுகின்றன.

இப்பாதையின் உண்மையான வரலாறு அது ஏற்றிச்சென்ற சுமையிலும் ஆட்களிலும் உள்ளது. தென்னந்தும்பு, கயிறு, தேங்காய், களுத்துறைப் பகுதியில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம், பேருவளைக் கரையின் மீன், மொறட்டுவைத் தச்சர்களின் மேசை நாற்காலிகள் என, சிறு உற்பத்தியாளர்களின் பண்டங்களே இதன் சரக்கு. இவற்றிலும் மேலாக, நாள்தோறும் காலையில் கொழும்புக்கு வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் எழுதுவினைஞர் என்ற ஒரு வகுப்பை இந்தப் பாதையே வளர்த்தது. நகரத்தில் சம்பளம், கிராமத்தில் வீடு என்ற வாழ்க்கையைப் பாணந்துறைக்கும் களுத்துறைக்கும் பழக்கமாக்கியது அதுதான். தமிழ் பேசும் மக்களும் இப்பாதையின் வரலாற்றில் ஆழமாகப் பதிந்தவர்கள். பேருவளை, தர்கா நகர், காலி, வெலிகம ஆகிய இடங்களின் முஸ்லிம் வணிகர்களுக்குக் கொழும்புச் சந்தையோடு இது நேரடித் தொடர்பைத் தந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறிய பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் இப்பாதையின் நிலையங்களே.

இந்த வசதிக்குக் கொழும்பு ஒரு விலையும் கொடுத்தது. கொம்பனித்தெருவைக் கடந்து கொள்ளுப்பிட்டியில் கடலைத் தொடும் தண்டவாளம், அங்கிருந்து கல்கிசை வரை நகருக்கும் அலைக்கும் இடையே ஓடுவதால், காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் கடற்கரையில் முடியாமல் புகையிரதப் பாதையில் முடிகின்றன. அரிக்கும் கடலிடமிருந்து பாதையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டி அரண் அமைப்பதும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இரும்பை மாற்றுவதும் ஓயாத வேலையாகின. 1950களில் பி. டி. ரம்பால புகையிரதத் திணைக்களத்தை வழிநடத்திய காலத்தில் டீசல் இயந்திரங்கள் வந்தன. 1955இல் ‘ருகுணு குமாரி’ கடுகதி தெற்கே ஓடத் தொடங்கியது. உள்நாட்டுப் போரும் இப்பாதையை விட்டுவைக்கவில்லை: 1996 ஜூலை 24 அன்று தெஹிவளை நிலையத்தில் நின்ற வண்டியில் குண்டுகள் வெடித்து, வேலை முடிந்து வீடு திரும்பிய பயணிகள் 64 பேர் உயிரிழந்தனர்.

2004 டிசெம்பர் 26, பௌர்ணமி தினமான ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக் கூட்டத்தோடு காலையில் கொழும்பு கோட்டையிலிருந்து புறப்பட்ட 50ஆம் இலக்கப் புகையிரதம் 9.30 மணியளவில் ஹிக்கடுவைக்குச் சற்று முன்னுள்ள பெரலியவில் முதல் ஆழிப்பேரலையால் சூழப்பட்டு நின்றது. வண்டியை நிறுத்துமாறு மருதானைக் கட்டுப்பாட்டறை அம்பலாங்கொடை நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்திருந்தது. நிலையத்தார் வண்டியை அனுப்பிக்கொண்டிருந்ததால் அழைப்பை எடுத்தபோது வண்டி போய்விட்டிருந்தது. பெட்டிகளின் கனத்தை நம்பி ஊர்மக்களும் பிள்ளைகளை உள்ளே ஏற்றினர். சில நிமிடங்களில் வந்த இரண்டாவது, பெரிய அலை பெட்டிகளைப் புரட்டி எறிந்தது. இறந்தோர் 1,700க்கும் மேல். உலகப் புகையிரத வரலாற்றில் இவ்வளவு உயிர்களைப் பலிகொண்ட விபத்து வேறில்லை. அலை அங்கே உட்புகுந்த ஆழத்தைப் பின்னர் ஆராய்ந்தோர், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்ட கடலடியை ஒரு காரணமாகக் காட்டினர். பாறைகள் காக்கப்பட்டிருந்த அயலூர் ஹிக்கடுவையில் அலை அவ்வளவு உயரவில்லை. கடல் கண்ணுக்கெதிரே இருந்தும் அதைப் பற்றிய எச்சரிக்கையை ஓடும் வண்டிக்குச் சேர்க்க வழியில்லாதிருந்தது, மன்னிக்க முடியாத குறை.

முறுக்கிக் கிடந்த தண்டவாளங்களைப் புகையிரத ஊழியர்களே நிமிர்த்தி, 2005 பெப்ரவரியில் பாதையை மீண்டும் திறந்தனர். கனடாவில் செய்யப்பட்டு, ‘மனிட்டோபா’ என்று பெயர் பெற்றிருந்த அவ்வண்டியின் 591ஆம் இலக்க இயந்திரமும் பழுதுபார்க்கப்பட்டு மறுபடியும் ஓடியது. அதன்பின் இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் தென்பகுதிப் பாதையைப் புதுப்பித்தது. மாத்தறையில் நூற்றாண்டுக்கு மேல் நின்ற பாதை, சீனக் கடனுதவியுடன் 2019 ஏப்ரலில் பெலியத்தை வரை நீண்டது. இப்புதிய பகுதி கடலை விட்டு விலகி, சுரங்கங்களின் வழியாகவும் நீண்ட மேம்பாலத்தின் மீதாகவும் உள்நாட்டில் செல்கிறது. அம்பாந்தோட்டை வழியாகக் கதிர்காமம் வரை அதை நீட்டும் திட்டம் நிறைவேறாத நிலையில், முருகனை வணங்கச் செல்லும் யாத்திரிகர் எஞ்சிய தூரத்தை இன்னும் தெருவழியேதான் கடக்கின்றனர்.